சீட்டு ஒன்று, கடை ஆறு: தம்பியின் வலி மாத்திரையை எப்படி நிறுத்துவது?

எல்லைக்கல் (ஞாயிறு, இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், நம்ம சித்தூர் தாலுகா. வாசலில் நின்றால் கேரளம், தோப்பு தாண்டினால் தமிழ்நாடு. ரேஷன் கார்டு மலையாளத்தில், அம்மா திட்டுவது தமிழில்.

தம்பிக்கு 24 வயது. பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு அடிக்கிறான். போன வருஷம் மூட்டை இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில் காட்டினோம். பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். டபென்டடால். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. இப்போது பதினாலு மாதம் ஆகிறது.

வண்டியில் ஆர்.சி. புத்தகம் வைக்கும் பிளாஸ்டிக் கவரை எதற்கோ எடுத்தேன். உள்ளே ஏழு காலி அட்டை, தட்டையாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான். ஏன்டா தூக்கிப் போடவில்லை என்றால், "கடையில காட்டணுமில்ல, பேர் வாயில வராது" என்கிறான். கூடவே அந்தப் பத்து நாள் சீட்டு. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, அதுவும் போதாமல் போனில் போட்டோ வேறு. ஒரே சீட்டுக்கு ஆறு கடை. இங்கே மூன்று, அங்கே மூன்று. இங்கே இல்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அங்கே போவான்.

அப்பா அடித்துவிட்டார். ரெண்டு நாள் ரூமில் போட்டுப் பூட்டினோம். கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு, உடம்பு முழுக்கப் புல்லரிப்பு. காய்ச்சல்தான் என்று அம்மா சுக்குக் கஷாயம் வைத்தாள். மூணாம் நாள் ஓட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் திரும்பி வந்து, தலை சீவி, சிரித்துப் பேசி, அம்மாவுக்குத் தண்ணீர்க்குடம் தூக்கிக் கொடுத்தான். எனக்கு அதைப் பார்த்துத்தான் பயமே வந்தது.

கடையை நிறுத்துவதா, தம்பியை நிறுத்துவதா? எதை முதலில் செய்வது?

---

பதநீர் (ஞாயிறு, இரவு 10.58)

கடையைத்தான். ஆறு பேர் மேலும் புகார் எழுதுங்க. ஒருத்தன் லைசென்ஸ் போனால் மத்த அஞ்சு பேரும் தன்னால அடங்குவான்.

---

மெடிக்கல்_மாமா (ஞாயிறு, இரவு 11.31)

22 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், பொள்ளாச்சி ரோட்டில். என்னைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் இருக்கிற அட்டைகளை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இடது மூலையில் சிவப்பில் ஆர்எக்ஸ் என்று இருந்து, சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்திருந்தால் அது ஹெச்1 பட்டியல், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதை விற்றால் தனி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்: டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை மாத்திரை. அந்த ரிஜிஸ்டரை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆர்எக்ஸுக்கு முன்னால் "என்" என்ற எழுத்து சேர்ந்திருந்தால் அது என்டிபிஎஸ், அதாவது போதை மருந்துச் சட்டத்துக்குள் வரும் சரக்கு, ஜெயில் வரைக்கும் போகும் விஷயம். டிரமடால் என்கிற அபின் வகை வலி மாத்திரையை 2018 ஏப்ரலில் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதோடு, அதைக் கேட்டு வந்த பையன்கள் அதே வகை டபென்டடாலுக்கு மாறினார்கள். அணையில் ஒரு மதகை மூடினால் தண்ணீர் அடுத்த மதகுக்குப் போகிற கணக்குதான்.

இன்னொரு விதி. அதை யாரும் சொல்வதில்லை. "மறுபடி கொடுக்கலாம்" என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ரெண்டாவது தடவை மருந்து கொடுக்கக் கூடாது. கொடுத்த கடைக்காரர் சீட்டின் மேலேயே, டாக்டர் கையெழுத்துக்கு மேலே, கடைப் பெயரும் தேதியும் எழுத வேண்டும். நான் இதற்கென்றே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறேன். எல்லைக்கல் தம்பி, அந்தச் சீட்டில் ஸ்டாம்ப் எத்தனை இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள்.

---

எல்லைக்கல் (ஞாயிறு, இரவு 11.44)

ஒன்றும் இல்லை மாமா. வெள்ளையாக இருக்கிறது. பின்னால் தம்பி லோடு கணக்கு எழுதியிருக்கிறான், அவ்வளவுதான்.

---

மெடிக்கல்_மாமா (ஞாயிறு, இரவு 11.59)

பதினாலு மாதமாக ஆறு பேர் சேர்ந்து அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அட்டையைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். பார்மசிஸ்ட்டின் சர்டிபிகேட் கண்ணாடிக்குள் தொங்கும், ஆள் வேறு எங்கோ வேலையில் இருப்பார். கவுண்டரில் நிற்பது பிளஸ் டூ முடித்த பையன். "இல்லை" என்று சொன்னால் ஆள் அடுத்த கடைக்குப் போகிறான், சோப்பும் பேஸ்ட்டும் அங்கேயே வாங்குகிறான். நானே ஆரம்ப காலத்தில் கொடுத்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஒரு நாள் ஒரு பையன் கடை வாசல் படியிலேயே வெட்டிக்கொண்டு விழுந்தான். அன்றிலிருந்துதான் ஸ்டாம்ப்.

அப்புறம் ஒன்று. என் ரிஜிஸ்டருக்குப் பக்கத்துக் கடை ரிஜிஸ்டர் தெரியாது. எங்கள் இன்ஸ்பெக்டர் தமிழ்நாடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் கேரளத்து இன்ஸ்பெக்டர். இரண்டு பேர் மேஜையிலும் பாதிப் பாதிக் கணக்கு. முழுக்கணக்கு தெரிந்த ஒரே ஆள் உங்கள் தம்பி.

---

பதநீர் (திங்கள், காலை 6.12)

வெட்டிக்கொண்டு விழுந்தானா? வலி மாத்திரைக்கா?

---

ராத்திரி_ட்யூட்டி (திங்கள், காலை 7.50)

ஆமாம். டிரமடால் அளவு மீறினால் ஃபிட்ஸ் வரும். பாலக்காட்டுப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். இப்போதுதான் ட்யூட்டி முடிந்தது. தூங்குவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

எல்லைக்கல், மறுபடியும் பூட்டாதீர்கள். நீங்கள் பார்த்தது காய்ச்சல் இல்லை, மாத்திரை இறங்கும்போது வருவது. கொட்டாவி, மூக்கு, கண்ணில் தண்ணீர், புல்லரிப்பு, பேதி, எலும்புக்குள் குடைகிற மாதிரி வலி. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் தணியும். பெரும்பாலும் அதனால் உயிர் போகாது, ஆனால் அவனுக்கு உயிர் போகிற மாதிரிதான் இருக்கும். அதற்கெல்லாம் மருந்து இருக்கிறது, வெறும் கஷாயத்தோடு தாங்க வேண்டியதில்லை.

எங்களுக்கு அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. சில நாள், சில வாரம் நிறுத்தியவனுக்கு உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும். அவன் மனசில் இருப்பது பழைய கணக்கு. பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு அடங்கும். வீட்டில் பூட்டி வைத்துத் தப்பித்துப் போன அன்று ராத்திரி கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பி சிரித்துக்கொண்டே வீடு வந்தது உங்கள் குலதெய்வப் புண்ணியம்.

ஒரு கேள்வி, இதற்கு மறைக்காமல் பதில் வேண்டும். வலி மாத்திரை மட்டும்தானா? தூக்க மாத்திரை, சாராயம், கள் ஏதாவது கூட உண்டா? கூட இருந்தால் கதையே வேறு. தூக்க மாத்திரையையும் சாராயத்தையும் திடீரென்று நிறுத்தினால்தான் ஃபிட்ஸ் வந்து உயிருக்கே ஆபத்து. வலி மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மூச்சுக்கு இரட்டை ஆபத்து.

போதையிலிருந்து மீள உதவும் நம்பர்கள்: கேரளத்தில் விமுக்தி 14405. எக்சைஸ் துறையுடையது என்று பயப்பட வேண்டாம், மருத்துவ உதவிக்குத்தான். நாடு முழுக்க 14446. மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

---

லோடு_வண்டி (திங்கள், மதியம் 1.05)

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் வண்டி நிற்கிறது, அதனால் நானும் எழுதுகிறேன்.

எல்லாரும் கடை, சட்டம் என்று பேசுகிறீர்கள். அந்த முதுகுக்கு என்ன ஆச்சு என்று யாராவது கேட்டீர்களா? பத்து நாள் மாத்திரை எழுதிய டாக்டர் பத்து நாள் ரெஸ்ட்டும் எழுதியிருப்பார். ரெஸ்ட் எடுத்தால் கூலி யார் கொடுப்பது? பையன் அஞ்சாம் நாளே வண்டி ஏறியிருப்பான். நானும் அப்படித்தான். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் போதைக்குப் போடுவதில்லை, அடுத்த மூட்டை தூக்கத்தான் போடுகிறார்கள். ராத்திரி லோடுக்கு ஏறும்போது ரெண்டு, இறக்கும்போது ரெண்டு. லோடு ஏற்றுகிற இடத்திலேயே ஒருத்தன் சட்டைப்பையில் அட்டை வைத்திருப்பான். டீக்கடையில் பீடி வாங்குவது மாதிரி சில்லறையாக வாங்கலாம். அதற்கு எந்த ரிஜிஸ்டர்?

எனக்கு நின்றது எப்படி என்றால், ஒரு அரசு ஆஸ்பத்திரியில் பிசியோ பிரிவில் ஒரு அம்மா, குனியாமல் உட்கார்ந்து தூக்கு என்று மூட்டையே இல்லாமல் ஒரு வாளியை வைத்துச் சொல்லிக் கொடுத்தாங்க. இருபது நிமிஷம். எனக்கு முப்பத்தெட்டு வயதில் கிடைத்தது. இருபது வயதில் கிடைத்திருக்க வேண்டும்.

---

மட்டுறுத்துநர் (திங்கள், மதியம் 2.20)

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் கடைப் பெயர், இன்னொன்றில் எந்த அளவு எப்படி ஏறும் என்ற விளக்கம். இரண்டும் இங்கே வேண்டாம். புகார் இருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். தொடருங்கள்.

---

மூணு_வருஷம் (திங்கள், இரவு 9.15)

பேரைப் பார்த்தாலே தெரியும். மூணு வருஷமாக நிறுத்தி இருக்கிறேன். ஊசி வரைக்கும் போனவன். மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. அதைக் கெட்டிப்படுத்த டால்க், மாவு எல்லாம் சேர்ப்பார்கள். அது ரத்தக்குழாயில் போய் அடைக்கும். என் இடது கையில் இன்று வரைக்கும் ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காது. ஹெபடைடிஸ் சியும் வந்தது, மருந்து சாப்பிட்டுச் சரியானது.

முதலில் வீட்டில் என்னை ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் விட்டார்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். போன உடனே மொட்டை. காலில் சங்கிலி. காலை நாலரைக்குக் குளிர்ந்த தண்ணீர், தப்பாகப் பேசினால் உப்பில்லாத சோறு. டாக்டர் என்று ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மூணு மாதத்துக்கு அப்பா கடன் வாங்கிக் கட்டினார். வெளியே வந்த அன்றே பஸ் ஸ்டாண்டில் அடித்தேன். ராத்திரி_ட்யூட்டி அக்கா சொன்னது மாதிரியே ஆனது. ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டதால் இதை எழுதுகிறேன்.

பிறகுதான் தெரிந்தது, 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டவே கூடாது, மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

எனக்கு வேலை செய்தது பியூப்ரினார்பின். தினமும் காலையில் போவேன். நர்ஸ் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பார். கரைகிற வரைக்கும் அவர் முன்னால் பெஞ்சில் உட்கார வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. எதிரே சுவரில் ஒரு தடுப்பூசி அட்டவணை மாட்டியிருக்கும். அதை ஒரு நூறு தடவையாவது படித்திருப்பேன், ஒன்றரை மாதக் குழந்தைக்கு என்னென்ன ஊசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அங்கிருந்து நேராக வேலைக்குப் போவேன்.

---

பதநீர் (திங்கள், இரவு 9.40)

தப்பா நினைக்காதீங்க தம்பி. அதுவும் அபின் வகைதானே? ஒன்னை விட்டு இன்னொன்னைப் பிடிக்கிறதுக்குப் பேர் வைத்தியமா?

---

மூணு_வருஷம் (திங்கள், இரவு 9.52)

அண்ணா, வகை அதுதான். ஆனால் அது ஏறுவதும் இல்லை, சட்டென்று இறங்குவதும் இல்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு அட்டைக்கு எங்கே போவது என்ற நினைப்பு வராது. அந்த நினைப்பு இல்லாத ஒரு காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? வேலைக்குப் போனேன், கடன் அடைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நீங்கள் பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா? அதை வைத்தியம் இல்லை என்று யாராவது சொன்னார்களா?

---

ராத்திரி_ட்யூட்டி (திங்கள், இரவு 10.05)

அதையும் வெளியே விற்கிறவர்கள் உண்டு, பதநீர் அண்ணன் கேட்டது முழுத் தப்பு இல்லை. அதனால்தான் நர்ஸ் முன்னால் கரைக்கச் சொல்வது. வீட்டுக்குக் கொடுத்தாலும், அபின் வகை மருந்தின் வேலையை முறிக்கிற நலோக்சோன் சேர்ந்ததைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். நாக்குக்கு அடியில் வைத்தால் நலோக்சோனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, கரைத்து ஊசியில் போட்டால் அது வேலையைக் காட்டிவிடும்.

---

இன்னொரு_சித்தூர் (செவ்வாய், காலை 8.30)

நான் ஆந்திரா சித்தூர், நகரிப் பக்கம். இந்த இழையில் யாரோ "நம்ம சித்தூர்" என்றதும் ஓடி வந்தேன், பார்த்தால் உங்கள் பாலக்காட்டு சித்தூர். பரவாயில்லை, வந்தது வந்தேன், ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடையை மட்டும் மூடினால் என்ன ஆகும் என்று 2015-ல் தெலங்கானாவில் பார்த்தார்கள். அங்கே பல இடங்களில் கள்ளில் அல்பிரசோலம், டயசெபம் கலந்து விற்றார்கள். ரெய்டு நடத்திக் கலப்படத்தை நிறுத்தினார்கள். நல்ல காரியம்தானே? ஆனால் வருஷக்கணக்கில் அதைக் குடித்தவர்களுக்கு உள்ளே தூக்க மாத்திரை போய்க்கொண்டிருந்ததே தெரியாது. திடீரென்று நின்றதும் ஃபிட்ஸ், கை நடுக்கம், இல்லாததைப் பார்ப்பது, கண்டபடி ஓடுவது. ஆஸ்பத்திரிகள் நிரம்பின, ஹைதராபாத் எர்ரகட்டா மனநல ஆஸ்பத்திரி வரை கூட்டிக்கொண்டு போனார்கள். உயிரும் போனது. என் மனைவியின் சொந்தக்காரர் ஒருவர் நிஜாமாபாத்தில் அப்படித்தான் கிணற்றைப் பார்த்து ஓடினார். கட்டிலில் கட்டிப்போட்டு ரெண்டு நாள் காவல் இருந்தார்கள்.

ரெய்டு போகிற அன்றைக்கே டாக்டரும் போக வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

---

பதநீர் (செவ்வாய், காலை 9.02)

கள்ளை இதில் இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. என் தாத்தா மரம் ஏறினவர். கள்ளு கள்ளுதான், அதில் எவன் எதைக் கலந்தான் என்பது வேறு.

ஆனால் உண்மையைச் சொல்லணும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி ஒன்னாம் தேதியோடு கள் இறக்க முடியாமல் போச்சு. அன்னையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை ஆட்கள் எல்லாம் இந்தப் பக்கம் வந்துதான் குடிக்கிறாங்க. சித்தூர் தாலுகா தோப்பிலிருந்து தினமும் விடிகாலை பெர்மிட்டோட வண்டி வண்டியா வெளி மாவட்டத்துக்கும் போகுது. மரம் என்ன, பைப்பா? ஒரு தென்னை நாளுக்கு ஒன்னரை, ரெண்டு லிட்டர் கொடுத்தா பெரிசு. கோடையில அதுவும் குறையும். கள்ளு ஷாப்பில மட்டும் ஒரு நாளும் குறையாது. மிச்சம் எங்கிருந்து வருதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. தண்ணியை ஊத்தினா வீரியம் போயிடும், அதை ஈடுகட்டத்தான் மருந்து. நம்ம தாலுகாக் கள்ளு சாம்பிளிலேயே இருமல் சிரப்பு இருந்ததா லேப்ல வந்த செய்தியைப் படிச்சேன். அன்னைக்குச் சோறு இறங்கல.

தாத்தா காலத்தில கள்ளு குடிச்சவன் மத்தியானம் ஏர் ஓட்டினான். இப்ப ரெண்டு மொந்தை குடிச்சவன் வேலி ஓரம் படுத்துக் கிடக்கிறான். அது கள்ளோட வேலை இல்லை.

---

எல்லைக்கல் (செவ்வாய், இரவு 10.20)

நேற்றும் இன்றும் எழுத முடியவில்லை. ராத்திரி_ட்யூட்டி அக்கா கேட்டதைத் தம்பியிடம் கேட்டேன். "தூக்க மாத்திரை உண்டு, எப்பவாவது" என்றான். எங்கே வாங்குகிறாய் என்றேன். பதில் சொல்லாமல் சாமி படத்தைப் பார்த்தான்.

சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பின்னால் அம்மாவின் மாத்திரை டப்பா இருக்கும். பிரஷர், சுகர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா சொன்ன மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒன்றில் சிவப்பில் என்ஆர்எக்ஸ். அல்பிரசோலம்.

அம்மாவைக் கேட்டேன். சின்ன மாமா தவறிய வருஷம் தூக்கம் வரவில்லை என்று ஒரு டாக்டர் எழுதினாராம், பதினஞ்சு நாளைக்கு. ஆறு வருஷம் ஆகிறது. வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது யார் தெரியுமா? நான்தான். மாதா மாதம், பழைய அட்டையைக் காட்டி, அதே கடையில். தம்பி செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை.

நிறுத்திவிடலாமா அம்மா என்றதும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே. "நான் என்ன கஞ்சாவா அடிக்கிறேன்? டாக்டர் எழுதினது" என்றாள். தம்பி திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் என்னிடம் இதையேதான் சொன்னான், வார்த்தைக்கு வார்த்தை.

---

ராத்திரி_ட்யூட்டி (செவ்வாய், இரவு 10.48)

அம்மாவின் மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்! ஆறு வருஷம் என்றால் குறைப்பதற்கே மாதங்கள் ஆகலாம். ஒவ்வொரு படியாக டாக்டர்தான் இறக்க வேண்டும். தம்பிக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும், தினம் ஒன்றாக எடுத்துக் கொடுங்கள். இவ்வளவுதான் இப்போதைக்கு.

எங்கள் வார்டில் இடுப்பு எலும்பு உடைந்து வருகிற பாட்டிகளிடம் மாத்திரைப் பையைக் கேட்பேன். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தேன், தலை சுற்றிச்சு என்பார்கள். பையில் பல சமயம் இது இருக்கும். மறதி என்று கூட்டிக்கொண்டு வருகிற சிலருக்கும் அப்படித்தான்.

எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. மருத்துவ ஆலோசனை இல்லாமல் தூக்க, மயக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் ஏறத்தாழ 1.18 கோடி என்று கணக்கு. யாரும் இவர்களைப் போதை ஆள் என்று சொல்வதில்லை. அதனால் வைத்தியத்துக்கும் வருவதில்லை.

---

மெடிக்கல்_மாமா (புதன், காலை 7.15)

உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த கடைக்காரன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். பையன் மரியாதையாக வருகிறான், அம்மாவுக்கு என்கிறான், அட்டை காட்டுகிறான். நான் ஸ்டாம்ப் எடுத்திருப்பேனா? சந்தேகம்தான். பரட்டைத் தலையோடு வந்தவனிடம் மட்டும்தான் நமக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது.

கேரளக் கடைகளில் ஆன்டிபயாட்டிக்கை இப்போது நீலக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். 2024 ஜனவரியில் ஆபரேஷன் அமிர்த் என்று கிளம்பினார்கள், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நடவடிக்கை. கவர் நிறத்தைப் பார்த்தே ஜனங்களுக்கு விஷயம் புரிகிறது. தூக்க மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் இப்படி ஒரு கவர், கூடவே இரண்டு மாநிலக் கடைகளும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றுகிற மாதிரி ஒரு ரிஜிஸ்டர் வந்தால் என் வேலை பாதி குறையும்.

---

சும்மா_ஒரு_ஆள் (புதன், காலை 10.30)

மாமா, ஒரே ரிஜிஸ்டர் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நான் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். ஊரில் இருக்கிற ஒவ்வொரு கடைப் பையனும் பட்டனைத் தட்டி அதைப் பார்ப்பானா? அடுத்த வாரம் என் தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

இன்னொன்று. எங்கள் அப்பாவுக்குக் கடைசி எட்டு மாதம் புற்றுநோய். 1985-ல் அந்த என்டிபிஎஸ் சட்டம் வந்த பிறகு ஆளாளுக்குப் பயந்துபோய் மார்பின் வைத்திருப்பதையே பல ஆஸ்பத்திரிகள் விட்டுவிட்டன. வலியில் கத்தியே செத்தவர்கள் எத்தனையோ பேர். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2014-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் கொஞ்சம் இளகியது. அப்பாவுக்குக் கிடைத்தது கேரளத்தில் இருந்ததால். பெயின் அண்ட் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) ஆட்கள் வீட்டுக்கே வந்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, காலி அட்டையை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கட்டுப்பாடு என்றால் எனக்கு அதுதான். கட்டுப்பாடும் இருந்தது, அப்பா தூங்கவும் செய்தார்.

பூட்டு போடுகிறவர்கள் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

---

மெடிக்கல்_மாமா (புதன், காலை 11.10)

ஒத்துக்கொள்கிறேன். எனக்கு உங்கள் நோய் தெரிய வேண்டாம். இந்தச் சீட்டுக்கு ஏற்கெனவே கொடுத்தாச்சா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும்.

---

லோடு_வண்டி (வியாழன், இரவு 8.45)

எல்லைக்கல், என்ன ஆச்சு? தம்பியை மார்க்கெட்டில் காணோம் என்கிறார்கள்.

---

எல்லைக்கல் (வெள்ளி, மாலை 6.30)

நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று தம்பி பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்றான். வைத்தியத்துக்குத் தானாக வருகிறவனுக்குப் பாதுகாப்பு கொடுக்க என்டிபிஎஸ் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது என்று மூணு_வருஷம் எனக்குத் தனிச் செய்தியில் எழுதியிருந்தார். அதை அவனிடமே படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "தானா வர்றவனுக்குன்னு போட்டிருக்கு, அப்ப நீ கையைப் பிடிக்காத" என்றான். விட்டுவிட்டேன். அவனாகவே ஏறினான்.

டாக்டரம்மா முதலில் முதுகைத்தான் பார்த்தார். லோடு_வண்டி அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டேன். குனிய வைத்து, காலைத் தூக்க வைத்து, பிசியோவுக்கு எழுதினார். அப்புறம்தான் மாத்திரைப் பேச்சு. தூக்க மாத்திரை எத்தனை, எப்போது என்று தனியாகக் கேட்டார், என்னை வெளியே அனுப்பிவிட்டு. பத்து நாள் உள்ளே தங்கச் சொன்னார். அப்பா ராத்திரி துணைக்கு இருக்கிறார். அடித்த கையாலேயே கஞ்சி ஊட்டுகிறார், இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஆறு கடைக்கும் நானே போகப் போகிறேன், புகாரோடு இல்லை. சீட்டை ஜெராக்ஸ் எடுத்து, தேதியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இனிமேல் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். அதற்குப் பிறகும் யாராவது கொடுத்தால் பதநீர் அண்ணன் சொன்னபடி எழுதுவேன், இரண்டு மாநிலத்துக்கும்.

அம்மா இன்னும் வழிக்கு வரவில்லை. ஆனால் இன்று காலையில், தம்பிக்குச் சோறு கட்டும்போது, "அந்த டாக்டரம்மா பொம்பளையாளுங்களையும் பார்ப்பாங்களா" என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல், பார்ப்பாங்க என்றேன்.

அக்கா, முதியவர்களுக்கு ஓ.பி. எத்தனை மணிக்கு?

---

ராத்திரி_ட்யூட்டி (வெள்ளி, மாலை 6.52)

ஒன்பதுக்குத்தான். டோக்கன் ஏழரைக்கே தீர்ந்துவிடும், முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். விபூதி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள், பிரஷர் மாத்திரை உட்பட. அன்று காலையும் வழக்கமாகப் போடும் மாத்திரையைப் போட்டுவிட்டே வரட்டும்.